பெரிய காரின் கூரை

அந்தக் கார் கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிலாங்கூரில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. "பெரிய காரு" என்றால் எல்லாருக்கும் புரியும். மற்றதெல்லாம் வெறும் கார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பதும், கூரைக்குத் துணி ஒட்டுவதும் என் தொழில். பதின்மூன்று வயதில் கோலசிலாங்கூரில், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் குஷன் கடைக்குள் நுழைந்தேன். அவர் காலமான பிறகு அதே கடையை வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். எனக்கு ஆள்களோடு பேச வராது. ஊசியோடும் பசையோடும் இருப்பவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை.

பெரிய காரின் வரலாற்றை மற்றவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். குதிரை பூட்டாத வண்டி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கம்பெனி இருக்கிறதாம். எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. முதலில் அது தோட்டத்துத் துரையின் கார். வருகிறது என்று தெரிந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். அதே கம்பெனியின் டீசல் கார்கள் வெளியூர் டாக்சியாகவும் ஓடின. நான்கு பேர் சேர்ந்து ஏறிக் கிள்ளானுக்குப் போகலாம். அதனால் அதன் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. பிறகு தவுக்கேமார்கள் வாங்கினார்கள். பிறகு டத்தோ பட்டம் வாங்கியவர்கள். அதற்குப் பிறகு தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கொந்திராக்டர்கள் பழைய காராக வாங்கினார்கள். யார் வாங்கினாலும், வாங்கிய மறுநாளே அவர் கதவை மெதுவாகச் சாத்தப் பழகிவிடுவார். அந்தக் காரின் கதவு சாத்தும் சத்தம் தனி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவன் நான். பழைய மாடல்களில் இருக்கையைக் கிழித்தால் உள்ளே அடைத்திருப்பது தேங்காய் நார். முதன்முதலில் அதைப் பார்த்தபோது தவுக்கேயிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, மேலே தோல் நன்றாக இருந்தால் உள்ளே என்ன இருந்தால் என்ன என்றார். கம்பெனிக்காரன் கார் செய்தான். மரியாதையை நாங்கள் செய்து கொடுத்தோம்.

இப்போது அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன். படித்தவர். கொந்திராக்ட் எடுத்துப் பணம் பார்த்தவர். மேனேஜர் மாற்றலாகிப் போனபோது அவருடைய பெரிய காரை இவர் வாங்கிக்கொண்டார். பிற்பாடு கோயில் தலைவரானார். இன்றைக்கும் ஊரில் 'தலைவர்' என்றால் அவர்தான்.

அவர் காரை வாடகைக்கு விடமாட்டார். கல்யாணத்துக்கு இரவல் கொடுப்பார். அதற்கு ஒரு முறை இருந்தது. பெண்ணைப் பெற்றவர் வெற்றிலை பாக்கு, தேங்காய், எலுமிச்சம்பழம் வைத்த தட்டோடு அவர் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அவர் தட்டைத் தொட்டால் கார் உண்டு. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மாலை விழுவதற்கு முன் அவருக்கு விழ வேண்டும். பெரிய காரில் போய் இறங்கிய பெண்ணை மாமியார் வீட்டில் யாரும் லேசாகப் பேசமாட்டார்கள் என்று எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

என் அக்காவுக்குச் சபாக்கில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பா தட்டோடு போனார். தலைவர் தட்டைத் தொட்டார்.

அப்பா செம்பனைக் காட்டில் புல் வெட்டுகிறவர். லயத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பக்கத்து லயத்தில் ஒரு கிழவர் இறந்து போனார். வேறு யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. அப்பா போய் வெட்டிவிட்டு, தலை முழுகி, கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார்.

கல்யாணத்தன்று காலையில் கார் வந்தது. நான்தான் அதற்கு ரிப்பனும் பூவும் கட்டினேன். எனக்குப் பதினெட்டு வயது. கடையில் கற்ற வேலையெல்லாம் அந்தக் காரில் காட்டினேன். அக்கா வந்து ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து உட்காரப் போனார். அப்போது யாரோ தலைவரிடம் எதையோ சொன்னார்கள்.

தலைவர் அப்பாவைக் கூப்பிட்டார். "மூணு நாளைக்கி முன்ன குழி வெட்டுனியா?"

"ஆமாங்க. யாரும் வரலைங்க."

"எங்கிட்ட சொல்லல."

"தல முழுவிட்டேங்க. கோயில்ல தண்ணி தெளிச்சாங்க."

"நீ முழுவுன. என் காரு எங்க போயி முழுவும்? சாவு வாடை ஒரு தடவ உள்ள வந்தா போவாது. பொண்ண எறங்கச் சொல்லு."

அப்பா சொல்லவில்லை. அக்காவே இறங்கினார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைக்க வந்த பெண்கள் நான்கைந்து பேர் அங்கேதான் நின்றார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, "அந்த ரிப்பன அவுத்துரு" என்றார்.

நான் அவிழ்த்தேன். அதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. வீசி எறியவும் இல்லை. முடிச்சு முடிச்சாக, பெயிண்டில் கீறல் விழாமல் அவிழ்த்தேன்.

அந்த நேரத்தில் லயத்துக்கு ரொட்டி விற்க வரும் பாய் தன் வேனோடு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டவர் ரொட்டித் தட்டுகளை ஒரு பக்கமாக அடுக்கினார். "ஏறும்மா. ரொட்டிய விட பெரிய சாமான் இன்னிக்கித்தான் ஏத்துறேன்" என்றார். அக்கா அந்த வேனில்தான் கோலசிலாங்கூர் கோயிலுக்குப் போனார். பாய்க்கு இருந்த மனசுக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் சபாக்கில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அக்காவுக்கு விழுந்த பெயர் ரொட்டிக்காரி. மாமியார் கடைசி மூச்சு வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார். "ரொட்டிக்காரி, தண்ணி கொண்டா." "ரொட்டிக்காரிக்கு இன்னிக்கி வாய் நீளுது." அக்காவின் பெயர் ஞாபகமில்லாத உறவினர்கள்கூட உண்டு.

சில வருடம் கழித்து தலைவரின் அப்பா, அந்தக் கிராணி, இறந்தார். தலைவரின் ஆள்கள் அப்பாவைத் தேடி வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வீரம் அதுதான். அப்பா என்னை விலக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"போவாதீங்கப்பா."

"செத்தவருக்கு அதெல்லாம் தெரியுமாடா? பொணம் யாரையும் அசிங்கப்படுத்தாது. நவுரு."

அப்பா நல்லவர் என்று ஊரே சொல்லும். அந்த ஒரு குழிக்காக அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். தலைவரின் பழைய கார் இரும்புக் கடைக்குப் போனது. அவர் கிள்ளானில் ஒரு புரோக்கர் மூலம் அதே கம்பெனியின் இன்னொரு காரை வாங்கினார். கொஞ்சம் புதிய மாடல், ஆனாலும் பழைய கார்தான். டத்தோ ஒருவர் வைத்திருந்தது என்று எல்லாரிடமும் சொன்னார். நம்பர் பிளேட்டின் எண்களைக் கூட்டிப் பார்த்து, ராசியில்லாத எட்டு வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கோயில் முன்னால் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூஜை போட்டார். அந்தக் காரும் கல்யாணக் கார் ஆனது. சபாக்கிலிருந்தும் கெர்லிங்கிலிருந்தும் தட்டோடு வந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா தானே தட்டை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தலைவர் அக்காவைப் பார்த்து, "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்டாராம். அக்கா சொன்னார். "ஓ, அங்கயா" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தொட்டாராம். அவ்வளவுதான். எங்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல் நீண்ட அந்தக் காலை நேரம் அவருக்கு நினைவில்கூட இல்லை.

மகளோடு அந்தக் காரில் போய் இறங்கிய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்த ரொட்டி வேனுலேருந்து இன்னிக்கித்தான் எறங்குனேன்" என்றார். அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அது சந்தோஷ அழுகை.

போன வருடம் தலைவர் அந்தக் காரை என் கடைக்குக் கொண்டுவந்தார். கூரைத் துணி தொங்கிவிட்டது. பழைய கார்களில் துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பஞ்சு நாளாக ஆக உதிர்ந்து, உட்கார்ந்திருப்பவர் தலையில் மாவாக விழும். பத்து நாளில் அவர் பேத்திக்குக் கல்யாணம். அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தக் குழி வெட்டுனவர் மவன்தானே?"

"ஆமாங்க."

"அப்பன் கீழ தோண்டுனான், நீ மேல ஒட்டுற. பரவால்ல லா, முன்னேறிட்டீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

மறுநாள் காலையில் கூரையைப் பிரித்தேன். துணி ஒட்டிய அட்டையை இறக்கியதும் மேலே கூரையின் இரும்புத் தகடு தெரிந்தது. அதில் நான்கு ஓட்டைகள். சதுரமாக, அளவெடுத்துப் போட்டவை. மேல் பக்கம் அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். உள் பக்கத்தை யாரும் மறைப்பதில்லை. அதைத் துணி பார்த்துக்கொள்ளும். அப்படி ஓட்டை போட்ட கார்கள் இரண்டு, தவுக்கே காலத்தில் எங்கள் கடைக்கு வந்திருக்கின்றன. சீனர் சாவு ஊர்வலத்தில், இறந்தவரின் படத்தைப் பூச்சட்டம் கட்டி ஒரு காரின் கூரையில் பொருத்தி, பிணப்பெட்டிக்கு முன்னால் ஓட்டிப் போவார்கள். அதற்குப் பெரிய கார்தான் பிடிப்பார்கள். சட்டத்தை முடுக்க நான்கு போல்ட் வேண்டும்.

கையை விட்டு இடுக்கில் துழாவினேன். மடிந்துபோன சதுரத் தாள் ஒன்று வந்தது. நடுவில் வெள்ளிப் பூச்சு. இறந்தவர்களுக்காக எரிக்கிற தாள்.

தலைவர் எண்ணைக் கூட்டிப் பார்த்தார். சக்கரத்துக்குப் பழம் வைத்தார். தலைக்கு மேலே மட்டும் பார்க்கவில்லை.

நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கோயிலில் போய் இதைச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை எல்லார் முன்னாலும் அவர் தட்டில் வைக்க வேண்டும். அவர் கல்யாணக் கார் என்று கொடுத்தது சாவுக் கார் என்று மாலை போட்ட அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி எவ்வளவோ நினைத்தேன். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டி நின்றன. அக்கா மகளும் அந்தக் காரில் போனவள். நான் வாயைத் திறந்தால் முதலில் விழுவது அக்கா. ரொட்டி வேனிலிருந்து இறங்கி ஒரு வருடம்கூட ஆகாத அக்காவை நான் சாவுக் காரில் ஏற்றிவிடுவேன்.

எனக்குத் தீட்டில் நம்பிக்கை இல்லை. நான் குழி வெட்டுகிறவர் மகன். பெற்ற தகப்பனின் படத்தைப் பிள்ளைகள் தலைக்கு மேலே வைத்து ஊர்வலம் கொண்டுபோன கார் அது. அதில் என்ன அசிங்கம்? ஆனால் அக்கா நம்புகிறவர். தலைவரும் நம்புகிறவர். ஒருவரைத் தொடாமல் இன்னொருவரை அடிக்க வேண்டும். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை.

தலைவருக்குப் போன் செய்து, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். வந்தார். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. கதவைத் திறந்து உட்கார வைத்தேன்.

"மேல பாருங்க."

பார்த்தார். "என்ன ஓட்ட இது? ஒழுவுமா?"

நான் அவர் உள்ளங்கையில் அந்தத் தாளை வைத்தேன். இந்த ஊரில் வாழ்ந்தவர் அல்லவா, கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. காரிலிருந்து இறங்கப் பார்த்தார். கால் தடுக்கியது. நான் பிடிக்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"வேற?"

"இப்ப உங்களுக்கு."

வேட்டி மடிப்பைத் தடவினார். "தம்பி, உனக்கு என்ன வேணும்? சொல்லு. கடை வாடக ஏதும் பாக்கியா? கோயில் கமிட்டியில ஒரு எடம் போடட்டா?"

"ஒண்ணும் வேணாங்க."

"ஏதாச்சும் சொல்லு லா."

"துணி ஒட்டட்டுங்களா, வேணாங்களா? அதக் கேக்கத்தான் கூப்புட்டேன்."

அதுதான் நான் அவருக்கு வைத்த பொறி. பேத்தி பெரிய காரில் வருகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் தெரிந்தே தன் பேத்தியை அதில் ஏற்ற வேண்டும். அவர் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரப்படுத்தவில்லை.

"ஒட்டிரு" என்றார் கடைசியில்.

நான் செய்த வேலைகளிலேயே மிக நன்றாக வந்த கூரை அதுதான். ஒரு சுருக்கம் கிடையாது.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் போனேன். எனக்கு அழைப்பு இல்லை. வெளியே செருப்புகள் விடும் இடத்தில் நின்றேன். பெண்ணின் தாத்தா முன் இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும், அது அவர்களே வைத்துக்கொண்ட முறை. கார் வந்தது. முன் இருக்கை காலியாக இருந்தது. தலைவர் காருக்குப் பின்னால் வெயிலில் நடந்து வந்தார். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். பட்டு வேட்டியின் கரை எல்லாம் தார்ச் சாலைத் தூசு.

என் பக்கத்தில் நின்ற ஒருவர், "இந்த வயசுல பேத்திக்காக நடந்து வர்றாரு பாருங்க, என்ன பணிவு" என்றார். இன்னொருவர் கையெடுத்தே கும்பிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் ஏன் நடந்தார் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் வேறு பக்கம் போனது, திரும்ப என்னிடமே வந்தது. நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

அவர் அதில் ஏறுவதை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. கார் அவர் வீட்டுக் கொட்டகையில் கித்தான் போர்த்திக் கிடக்கிறது. விற்றால், வாங்குகிறவன் பிரித்துப் பார்ப்பானோ என்று பயம். தட்டோடு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒரே பதில்தான்: கார் குஷன் கடையில் இருக்கிறது, கூரை வேலை நடக்கிறது. ஒரு கூரைக்கு ஒரு வருடம் வேலை நடக்குமா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. சிலர் எனக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். "தலைவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். பொய்யை அவர் எத்தனை தடவை சொல்ல முடியுமோ அத்தனை தடவையும் அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். அதில் பாதியை நான் ஏன் சுமக்க வேண்டும்?

அக்கா அதைப் பற்றி வேறு மாதிரி நினைக்கிறார். தன் மகளுக்கு அடுத்து தலைவர் பேத்திதான், அதற்குப் பிறகு யாருக்கும் அந்தக் கார் கிடைக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். "ஆமாக்கா" என்பேன். இதைப் படிக்கும் யாரும் தங்கள் கல்யாணக் காரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சிலாங்கூரில் பெரிய கார்களும் நிறைய இருக்கின்றன, தலைவர்களும் நிறைய இருக்கிறார்கள். தலைவர்கள் வேண்டுமானால் கூரையைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.

போன மாதம் செரண்டாவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் என் கடைக்கு வந்தார். பேக்டரியில் வேலை செய்கிறவர், வயது என் வயதுதான். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தலைவரிடம் தட்டோடு போயிருக்கிறார். கார் குஷன் கடையில் இருக்கிறது என்று தலைவர் சொல்லவே, எப்போது முடியும் என்று நேரில் கேட்டுப் போக வந்திருக்கிறார். தட்டில் வைத்த தேங்காயும் வெற்றிலையும் வண்டிக் கூடையில் பிளாஸ்டிக் பையில் இருந்தன.

நான் அப்போது ஒரு வேனின் இருக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். "போன் போட்டுத் தலைவரையே கேளுங்கண்ணே" என்றேன். அவருக்குக் கூச்சம், என்னைப் போலவே. இருந்தாலும் போட்டார். சத்தம் எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தலைவரே, காலையில தட்டோட வந்தேனுங்களே, செரண்டாவுலேருந்து. காரு எப்ப கெடைக்கும்னு."

"அதான் சொன்னேனே. காரு கடையில இருக்கு. வேல முடியல."

செரண்டாக்காரர் கடையைச் சுற்றிப் பார்த்தார். அந்த வேனும், ஒரு சின்னக் காரும்தான் நின்றன. என்னைப் பார்த்தார். நான் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

"நான் கடையிலதாங்க நிக்கிறேன்" என்றார் மரியாதையாக. "காரக் காணோமுங்களே."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. செரண்டாக்காரர் இரண்டு தடவை "தலைவரே, தலைவரே" என்றார். பிறகு லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்க பேசுறீங்களாண்ணே?" என்று போனை என் பக்கம் நீட்டினார்.

லைன் அறுந்திருக்கவில்லை. மூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. கையில் பசை இருக்கிறது என்று காட்டினேன். வாங்கவில்லை.